சீட்டில்லாத மாத்திரை

"கருத்தடை மாத்திரையா? ஐயையோ, அந்தப் பக்கமே போகாதே! உடம்பு கெட்டுப்போயிடும், கான்சர் வரும்" என்று என் பெண்ணுக்குப் புத்தி சொன்னார் எதிர் வீட்டு அக்கா. அதே அக்கா போன தை மாதம் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, மருமகளுக்கு நாள் நெருங்குகிறது என்று தெரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? பையனைக் கூப்பிட்டு, "மருந்துக் கடையில் போய், தள்ளிப் போடற மாத்திரைன்னு கேளு, கொடுப்பாங்க" என்று அனுப்பினார். கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார்.

அக்காவை நான் குறை சொல்ல வரவில்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் யாத்திரையோ, எது வந்தாலும் இது நம் வீடுகளில் நடக்கிறதுதான். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. அதுவும் ஹார்மோன், இதுவும் ஹார்மோன். பெண் தனக்காகச் சாப்பிட்டால் விஷம், வீட்டு விசேஷத்துக்காகச் சாப்பிட்டால் மட்டும் வெல்லக்கட்டியா?

அந்தத் தள்ளிப் போடும் மாத்திரையின் பெயர் பெரும்பாலும் நார்எதிஸ்டிரோன். 1951-ல் மெக்ஸிகோவில், அங்கே காட்டில் விளைகிற ஒரு வகை வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த சரக்கை வைத்து முதன்முதலாகச் செய்தார்கள். அந்தக் காலத்துக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றில் சேர்ந்த மருந்தே இதுதான்! நாளுக்கு மூன்று வேளை என்று சாப்பிடும்போது, அதில் ஒரு சிறு பகுதி நம் உடம்புக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதாவது, ஒரு கருத்தடை மாத்திரையில் இருக்கிற அளவு ஈஸ்ட்ரோஜன் தானாக உள்ளே போய்விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இப்படி நாலைந்து நாள் சாப்பிடுவதால் கர்ப்பம் தடைபடும் என்று நம்ப முடியாது. அதற்கு இது உதவாது.

டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய மாத்திரை இது. அந்தச் சீட்டுதான் இல்லை. இன்னொரு சீட்டும் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, பொடி எழுத்தில், அதைச் சொல்கிறேன். கடைக்காரர் பட்டையிலிருந்து வேண்டிய மாத்திரையைக் கத்தரித்துப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுக்கிறார். பெட்டியும் சீட்டும் அவரிடமே நின்றுவிடுகின்றன. கால் நரம்பில் ரத்தம் கட்டிய பெண்கள், பார்வையில் மின்னல் அடித்துத் தலைவலி வருகிறவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடவே கூடாது என்ற எச்சரிக்கை, யாருக்குத் தெரிய வேண்டுமோ அவளுக்குத் தெரிவதில்லை.

மாத்திரையோடு பெண்ணின் கைக்கு ஒரு சீட்டு வரவேண்டும் என்பதற்காக ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பார்பரா சீமன் என்று ஒரு பெண்மணி. நம்முடையதைப் போன்ற பெண்கள் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்தான். 1957-ல் முதல் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் அவருக்கு மலமிளக்கி கொடுத்தார்கள். அது தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போய், பச்சைக் குழந்தை படாத பாடு பட்டுவிட்டது. கொடுத்தவர்கள் யாரும் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு 1960-ல் அங்கே கருத்தடை மாத்திரைக்கு அரசு அனுமதி கிடைத்தது. இவர் எழுதிய பத்திரிகைகளின் வாசகிகள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள்: தலைவலிக்கிறது, கால் வலிக்கிறது, டாக்டரிடம் சொன்னால் ஒன்றுமில்லை என்கிறார்... இந்த மாதிரி. சீமன் அவற்றைக் கட்டி மூலையில் போடாமல், டாக்டர்களைத் தேடிப் போய்ப் பேசி, 1969-ல் ஒரு புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார்.

அதன் பேரில் 1970 ஜனவரியில் கேலார்ட் நெல்சன் என்ற செனட்டர் விசாரணை வைத்தார். டாக்டர்கள் வந்தார்கள், விஞ்ஞானிகள் வந்தார்கள். மாத்திரை சாப்பிடுகிற பெண் ஒருத்தியையாவது சாட்சிக்குக் கூப்பிட வேண்டாமா? கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த இளம்பெண்கள் எழுந்து நின்று அதைத்தான் கேட்டார்கள். டெலிவிஷன் காமிராக்களுக்கு முன்னால் பெரிய ரகளை. அந்த வருஷமே, ரத்தம் கட்டும் அபாயத்தைச் சொல்லும் சிறு சீட்டு ஒன்று மாத்திரையோடு போகவேண்டும் என்று அங்கே உத்தரவு வந்தது. முதலில் எழுதிய வரைவை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள் என்று பெண்களுக்குக் கோபம்தான். ஆனாலும் வந்தது.

அந்தப் பெண்கள் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. அன்றைய முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம். இன்றைக்கு நம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிற மாலா-என் மாத்திரையில் அதே குடும்பத்து மருந்து 30 மைக்ரோகிராம்தான். அவ்வளவு தேவையே இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள்! இத்தனைக்கும், 1956-ல் போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களிடம் அதைச் சோதித்தபோதே, அங்கிருந்த எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற லேடி டாக்டர், 'கர்ப்பம் நிற்கிறது, ஆனால் வாந்தி, தலைசுற்றல், தலைவலி என்று உபத்திரவம் அதிகமாக இருக்கிறது' என்று எழுதித்தான் கொடுத்தார். மேலே இருந்தவர்கள் அதைப் பெண்களின் மனப்பிரமை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மனப்பிரமை! இந்த வார்த்தையை நம்மூரில் வேறு மாதிரி சொல்வார்கள். "சகஜம்மா, எல்லாருக்கும் இருக்கிறதுதான்." 1965-ல் லூப் என்று ஒன்று அரசுத் திட்டத்தில் வந்தது. எங்கள் அம்மா போட்டுக்கொண்டார். மாதத்தில் பதினைந்து நாள் உதிரப்போக்கு. போய்ச் சொன்னபோதெல்லாம் "சகஜம்"தான் பதில். கடைசியில் வயதான ஒரு நர்ஸம்மா இரக்கப்பட்டு எடுத்துவிட்டார். அடுத்த வருஷம் என் தம்பி பிறந்தான். அம்மாவின் முகம் வெளுத்துப்போய், கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பாட்டி பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். அம்மா மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

நம் தேசத்தில் இந்தப் பேச்சு 1930-களிலேயே சூடாக நடந்ததுதான். மனக்கட்டுப்பாடு போதும் என்றார் காந்தியடிகள். குடும்ப வறுமைக்காகவும் தேக நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்றார்கள் சிலர். அதெல்லாம் அப்புறம், முதலில் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார் பெரியார். அவர் சொன்னது ஏட்டில் இருந்தது. திட்டம் தீட்டியவர்களோ தலை எண்ணிக்கைதான் பார்த்தார்கள்.

1985-ல் ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செரு என்ற ஊரில் ஒரு முகாம். நெட்-என் என்று ஓர் ஊசி. (நம் நார்எதிஸ்டிரோனேதான், ஊசி வடிவில்!) கருத்தடை ஊசி என்று சொல்லிக் கூட்டிவந்த பெண்களிடம், இது இன்னும் சோதனையில் இருக்கிற ஊசி என்று யாரும் விளக்கவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற அமைப்பைச் சேர்ந்த பெண்கள் அங்கேயே போய் எடுத்துச் சொன்னார்கள். மறு வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கும் போட்டார்கள். 2000-ல், இந்த ஊசியைப் பொதுத் திட்டத்தில் சேர்க்கப்போவதில்லை என்று அரசு சொன்ன பிறகுதான் வழக்கு முடிந்தது.

இதே ஊசியை ஆண்களுக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கேளுங்கள்! உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற சோதனையில் 320 ஆண்கள். நெட்-என் ஊசியோடு ஆண் ஹார்மோன் ஊசியும் சேர்த்து, எட்டு வாரத்துக்கு ஒரு முறை. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மனச்சோர்வு, முகப்பரு, ஊசி போட்ட இடத்தில் வலி என்று புகார்கள் வர, பாதுகாப்பைக் கவனித்த குழு 2011-ல் மேற்கொண்டு ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. முடிவுகள் 2016-ல் வெளியானபோது உலகமெங்கும் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவர்கள் செய்தது தப்பு இல்லை. அந்த ஆண்களில் பெரும்பாலோர் தொடரத் தயாராகத்தான் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சொன்ன புகாரைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிக்கொண்டார்கள் பாருங்கள், அந்த மரியாதை போர்ட்டோ ரிக்கோவிலும் பட்டான்செருவிலும் கிடைத்திருந்தால்?

இப்போது காற்று எதிர்த் திசையில் அடிக்கிறது. என் பெண்ணின் போனில் நாள் தவறாமல் யாராவது ஒரு பெண் வந்து, "ஹார்மோனே கூடாது, மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்கிறாள். பாதி உண்மையைச் சொல்லிப் பயமுறுத்துவதும் உண்மையை மறைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். பதினாயிரம் பெண்கள் ஒரு வருஷம் மாத்திரையே சாப்பிடாமல் இருந்தாலும் அவர்களில் 2 பேருக்கு ரத்தம் கட்டும். மாலா-என் போன்ற மாத்திரை சாப்பிட்டால் 5 முதல் 7 பேருக்கு. கர்ப்பமாக இருக்கும்போதும், அதைவிடப் பிரசவமான புதிதிலும், அபாயம் இதையெல்லாம் தாண்டிப் போகும். கான்சர் விஷயமும் அப்படித்தான். மார்பகத்திலும் கர்ப்பப்பை வாயிலும் வரும் வாய்ப்பு, சாப்பிடுகிற காலத்தில் கொஞ்சம் கூடுகிறது. சினைப்பையிலும் கர்ப்பப்பை உட்சுவரிலும் வரும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தானே ஒருத்தி தனக்கு எது தகும் என்று யோசிக்க முடியும்? மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தாங்க முடியாத தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலோ, சமையலை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" கூடாது.

என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்து இப்போது மூன்றாம் மாதம். புகுந்த வீட்டுக்குக் கிளம்புவதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லி நர்ஸம்மா ஞாபகப்படுத்தினார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "ஊசி போட்டா பால் வத்திடும்" என்றார் சம்பந்தியம்மாள். "காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிடுமாம்" என்றாள் என் நாத்தனார். (நெஞ்சுக்கெல்லாம் ஏறாது. அபூர்வமாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.) என் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளாக எழுதினாள்.

நர்ஸம்மா பொறுமையாகவே பதில் சொன்னார். மாலா-என் இப்போது வேண்டாம், தாய்ப்பால் குறையலாம், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகட்டும். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. பால் வற்றாது. முதலில் திட்டுத்திட்டாக உதிரம் படலாம், போகப் போக மாதவிலக்கே நின்றும் போகலாம். நிறுத்திய பிறகு அடுத்த கர்ப்பம் தங்க ஏழிலிருந்து பத்து மாதம்கூட ஆகும். சாயா மாத்திரை லக்னோ ஆராய்ச்சிக்கூடத்தில் நம் விஞ்ஞானிகள் கண்டது. அதில் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன் எதுவும் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. நாள் தள்ளிப்போகும், பயப்பட வேண்டாம். காப்பர்-டி பத்து வருஷம் வரை. முதல் சில மாதம் போக்கும் வலியும் கூடலாம். எப்போது எடுத்தாலும் உடனே குழந்தை தங்கலாம்.

பிரான்சில் 2024-ல் வந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றியும் கேட்டாள் என் பெண். அந்தராவில் உள்ள மருந்தை ஒரு வருஷத்துக்கு மேல் போட்டுக்கொண்டவர்களுக்கு மூளையின் மேலுறையில் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது, ஆனால் அது மிகவும் அபூர்வமான கட்டி என்று அதில் சொல்லியிருந்தார்களாம். நர்ஸம்மா மழுப்பவில்லை. "இதை நான் படிக்கலம்மா, வா, டாக்டரம்மாகிட்டயே கேட்டுடலாம்" என்று எழுந்து கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே போனவர்கள் வர அரை மணி நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை வெளியே பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அத்தை, என்ன முடிவு பண்ணியிருப்பா?" என்றார். "அவ வந்து சொல்லட்டும் மாப்பிள்ளை" என்றேன். குழந்தை சிணுங்க ஆரம்பித்துவிட்டது. பால் நேரம்.