ஆறு மாசம் எதுக்கு?

நான் பி.காம். கடைசி வருஷம். எனக்கும் பாக்டீரியாவுக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துபோனது. மறுபடி சேர்த்து வைத்தவர் அப்பா.

அப்பாவுக்கு டிபி. மாத்திரை ஆரம்பித்த ரெண்டே மாசத்தில் இருமல் நின்று, எடையும் ஏறிவிட்டது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று அட்டையைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். அம்மா அழுதாள். எனக்கு அவரிடம் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் மைக்ரோபயாலஜி புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன் (நூலகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்!).

அந்தக் கிருமியின் பேரினத்துக்குப் பெயர் மைக்கோபாக்டீரியம். லேமன், நியூமன் இருவரும் 1896-ல் வைத்தது. 'மைக்கோ' என்றால் பூஞ்சை. திரவத்தில் வளர்த்தால் மேலே பூஞ்சணம் மாதிரி ஏடு கட்டும், அவ்வளவுதான் ஒற்றுமை. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதே எனக்குப் புதுசு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பங்காளிகள் வேறு ஏராளம். 2018-ல் இந்தக் குடும்பத்தை ஐந்து பேரினங்களாகப் பாகம் பிரிக்கலாம் என்று சிலர் எழுத, பலர் ஒத்துக்கொள்ளவில்லை.

இவற்றின் அடையாளம் மைக்காலிக் அமிலம் நிறைந்த மெழுகுச் சுவர். சாதாரண சாயம் சரியாக ஏறாது. சூடுபண்ணி சிவப்புச் சாயத்தை ஏற்றிவிட்டால், பிறகு அமிலம் ஊற்றிக் கழுவினாலும் போகாது. மருந்தும் லேசில் உள்ளே போகாது.

இன்னொன்று, சோம்பேறித்தனம். இந்தப் பேரினத்தை வகை பிரிப்பதிலேயே வேகம் ஒரு கணக்கு: ஏழு நாளுக்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர்ந்தால் வேக வகை, இல்லையென்றால் மந்த வகை. ஈ.கோலை 20 நிமிஷத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு 15 முதல் 20 மணி நேரம். தொழுநோய்க் கிருமியை இன்றுவரை ஆய்வகத் தட்டில் வளர்க்கவே முடியவில்லை. வேகமாகப் பெருகும் கிருமிகள் மருந்தில் சீக்கிரம் சாகும். தூங்கிக் கிடப்பவை தப்பித்துவிடும். பாதியில் நிறுத்தினால் அவைதான் எழுந்து வரும், சில சமயம் மருந்துக்கே பழகிப்போய்.

1956-ல் நம் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று காட்டியது. ஆனால் வீட்டில் அலமாரி இருக்கிறதே!

அப்பா மளிகைக்கடைக்காரர். ராத்திரி கடை சாத்தும்போது கேட்டேன்: "வெயில்ல காயவச்சா அரிசி வண்டு ஓடிடும். முட்டை?"

பதில் சொல்லாமல் ஷட்டரை இறக்கினார். மறுநாள் டாக்டரிடம் போய், நாலு நாள் விட்டதை அவரே ஒப்புக்கொண்டார். இன்னும் மூணு மாசம் பாக்கி. அட்டையை இப்போது நான்தான் எண்ணுகிறேன்.