வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை

பி.காம் படிக்கிறவனுக்கு நோயைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். எல்லாம் என் பெரியம்மா மகளால் வந்தது. அக்கா மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறாள். அமெரிக்க டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும்.

அவளுடைய தடித்த கோட் புத்தகத்தைப் புரட்டியபோது ஏ56 கண்ணில் பட்டது. பாலுறவு வழியாகப் பரவும் கிளாமிடியா தொற்றுகள். நம்ம லெட்ஜர் மாதிரியே இருக்கிறது! ஏ56 தலைப்புக் கணக்கு. அதன் கீழ் உட்கணக்குகள்: 0 என்றால் சிறுநீர்ப் பாதை, பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதி. 1 என்றால் இடுப்புக்குழி உறுப்புகள். 3 ஆசனவாய், மலக்குடல். 4 தொண்டை. இதே கிருமி கண்ணைத் தாக்கி டிரக்கோமா வந்தால் கணக்கே வேறு, ஏ71.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். ஒரு பெண் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சோதனைக்கு மட்டும் வருகிறாள் என்று வையுங்கள். அவளுக்கு இசட்11.3. "பால்வினைத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வந்தார்", அவ்வளவுதான். வெளிநோயாளிக்கு டாக்டர் "கிளாமிடியாவாக இருக்கலாம்" என்று எழுதினாலும் ஏ56 போடக்கூடாது. உறுதியாகும் வரை அறிகுறிகளை மட்டும்தான் எழுத வேண்டும். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் சார் சொல்வாரே, அதேதான்.

ஆனால் நம்ம லெட்ஜரில் தப்பாக எழுதினால் டிரையல் பேலன்ஸ் இடிக்கும். இங்கே இடிப்பது ஒரு ஆளின் வாழ்க்கை. 2010-ல் வந்த சட்டப்படி அமெரிக்கப் பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் பாலிசியிலேயே இருக்கலாம். சிகிச்சைக் கணக்கைச் சொல்லும் கடிதம் பெரும்பாலும் பாலிசிதாரருக்கு, அதாவது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போகும். அதில் நோயின் பெயர் இல்லாவிட்டாலும், என்ன சோதனை என்று தெரிந்துவிடலாம். அதனால்தான் கலிபோர்னியாவில், இப்படிப்பட்ட விவரங்களை நேரே தனக்கே அனுப்பச் சொல்லும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 2015 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது.

"வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோ"ன்னு பயந்து சோதனைக்கே போகாதவர்களை நினைத்துப் பாருங்கள். இந்தத் தொற்று வந்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. கண்டுபிடித்துவிட்டால் பொதுவாக 7 நாள் டாக்ஸிசைக்ளின் போதும். விட்டுவிட்டால் கருக்குழாய் பாதித்துக் குழந்தை பிறக்காமலே போகலாம். அதனால்தான் பாலுறவு வாழ்க்கை உள்ள, 25 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி.

நம் ஊரில் இந்த வார்த்தையைச் சொன்னாலே வகுப்பில் சிரிப்பார்கள். விசேஷ வீடுகளில் யாராவது கேட்டால் அக்காவும் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். இதையெல்லாம் நாள் முழுக்கப் படிக்கக் கூச்சமா இல்லையாக்கா என்று கேட்டேன். "டேய், சார்ட்ல வயசு 21ன்னு இருக்கும். உன் வயசுடா. சந்தேகத்தை நோயாக்கி அந்தப் பொண்ணு தலையில ஏத்திடக்கூடாது, அந்தப் பயம்தான் எனக்கு" என்றாள்.

நாளைக்கு நம்மில் பலர் பில்லிங், இன்சூரன்ஸ் வேலைகளுக்குத்தான் போகப்போகிறோம். எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்பது எங்கள் சிலபஸில் இல்லை. அக்காவிடம்தான் படித்தேன்.