புகையும் மூச்சும்

நம் கல்லூரி மலரில் பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் வெற்றிக் கதைகளாகவே இருக்கக் காண்கின்றேன். தோற்ற கதையை எழுதுவார் அரியர். யான் ஈண்டு எழுதப் புகுவது ஒரு தோல்வியின் வரலாறு. நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒருவரிடமும் கூறாதிருந்த செய்தியொன்று இதனுள் அடங்கியுள்ளது. இன்று ஆடுகளத்தில் ஓடும் இளைஞர்க்கு அது பயன்படுமாயின், நாணங் கருதி மறைத்தல் தகாதெனத் துணிந்தேன்.

1981ஆம் ஆண்டில் யான் இக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணாக்கனாக விடுதியில் வாழ்ந்து வந்தேன். 1,500 மீட்டர் ஓட்டமே எனது பந்தயம். 400 மீட்டர் வட்டத்தை மூன்றே முக்கால் முறை சுற்றுதல் வேண்டும். அதற்குக் காலில் வேகமும் வேண்டும். நெஞ்சில் மூச்சும் வேண்டும். இரண்டிலொன்று குறையினும் கடைசிச் சுற்று அதனை ஊரறியக் காட்டிவிடும்.

விடுதிக்குப் பின்புறமிருந்த பெட்டிக்கடையில், தொங்கும் கயிற்றின் கனலில் முதற் சிகரெட்டைப் பற்றவைத்தது இரண்டாம் ஆண்டில். பரீட்சைக்குக் கண்விழிக்கத் துணையாக வந்த அது, பரீட்சை முடிந்த பின்னும் என்னை விட்டகலவில்லை. நாளொன்றுக்கு எட்டு, பத்து என வளர்ந்தது. ஆயினும் காலைப் பயிற்சியில் யாதொரு குறையும் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று புகைத்தவுடன் நெஞ்சு விரைந்தடிப்பதையும், சோம்பல் நீங்கி மனம் விழிப்புறுவதையும் ஊக்கமென்றே எண்ணி மகிழ்ந்தேன்.

1982ஆம் ஆண்டு பொங்கலுக்கு ஊர் சென்று பத்து நாள் தங்கினேன். தந்தையார் இருக்குமிடத்தில் புகைப்பதை நினைக்கவும் இயலாது. எங்களூர் சிற்றூர், கடைக்காரர் முதல் களத்துமேட்டுக் காவலர் வரை யாவரும் உறவினர், மறைந்து புகைத்தற்கும் இடமில்லை. முதல் மூன்று நாள் எரிச்சலும் தலைவலியுமாகக் கழிந்தன. பின்னர்ப் பழகிவிட்டது. வேறு பொழுதுபோக்கின்மையால் காலையும் மாலையும் கண்மாய்க்கரையில் ஓடினேன்.

திரும்பிய மறுநாளே கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குத் தேர்வோட்டம் நடைபெற்றது. இருந்த இடம் ஒன்றே. அதற்கு உரியவராக நின்றோர் யானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும். இருவர்க்கும் அதுவே கடைசி ஆண்டு. 4 நிமிடம் 18 வினாடியில் ஓடி, ஓரடி இடைவெளியில் அவரை வென்றேன். அவர் மனங்கோணாது என் கையைப் பற்றிக் குலுக்கியது இன்றும் நினைவிலிருக்கின்றது.

போட்டி மூன்று வாரத்திற்குப் பின். அதற்குள் பழைய பழக்கம் முழுமையும் மீண்டுவிட்டது. போட்டியன்று காலையில் நடுக்கந் தீர இரண்டு புகைத்தேன். அரைமணி நேரத்திற்கு முன் பார்வையாளர் கொட்டகைக்குப் பின்னே நின்று மற்றொன்று. முதலிரண்டு சுற்றுகளில் முன்னணியிலேயே இருந்தேன். மூன்றாஞ் சுற்றில் கால்கள் நனைந்த சாக்குகள் போலாயின. எத்துணை இழுத்தும் மூச்சு அடிவயிற்றுக்கு எட்டவில்லை. ஒருவர்பின் ஒருவராய் என்னைக் கடந்து சென்றனர். ஏழாமவனாக எல்லை சேர்ந்தேன். நேரம் 4 நிமிடம் 31 வினாடி.

எல்லைக்கோட்டருகில் அத்தோழர் எலுமிச்சஞ்சாறு நிரம்பிய குவளையோடு நின்றிருந்தார். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் மெல்ல வந்து, "தம்பி, இன்று எத்தனை?" என்று மட்டும் கேட்டார். "ஒன்றுமில்லை, ஐயா, இரவு முழுதும் உறக்கமில்லை" என்றேன். அவர் மறுமொழி பகரவில்லை. கைக்கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் இட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் தோழரோ என் சொல்லை முற்றும் நம்பினார். விடுதி திரும்பியதும், உறக்கமின்மையே தோல்விக்குக் காரணமென்று கேட்டோர்க்கெல்லாம் எனக்காக வழக்காடினார். தோல்வியினும் அதுவே என்னை மிகச் சுட்டது.

அந்தப் பதின்மூன்று வினாடி எங்கே போயிற்று என்பதைப் பின்னாளில் நூல்களால் அறிந்தேன். சிகரெட்டுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதினும் 200 மடங்குக்கு மேலான வலிமையோடு அதனைப் பற்றிக்கொள்ளும். தசைகளுக்குப் பிராணவாயுவைச் சுமக்கவேண்டிய வண்டிகளில் ஒரு பகுதி இவ்வாறு வேறு சரக்கேறி வீணே சுற்றுகின்றது. நாற்காலியில் அமர்ந்திருப்போனுக்கு இக்குறை புலப்படாது. ஒவ்வொரு வண்டியும் வேண்டப்படும் கடைசிச் சுற்றிலேயே அது புலப்படும். குருதியிலுள்ள அவ்வாயு பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 4 அல்லது 5 மணி நேரமாகும். புகையாது ஓரிரு நாள் இருப்பின் பெரும்பாலும் நீங்கிவிடும். தேர்வோட்டத்தில் யான் வென்றது என் திறத்தால் மட்டுமன்று. என் தந்தையார்பால் இருந்த அச்சத்தாலுமாகும்!

ஊக்கமென்று யான் எண்ணியது நிகோட்டினின் செயல். 1560ஆம் ஆண்டளவில் புகையிலையைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிய ழான் நிக்கோ என்னும் தூதரின் பெயரால் வழங்கும் இந்நஞ்சு, 1828இல் ஜெர்மனியில் இருவர் ஆய்வால் தனியே பிரித்தெடுக்கப்பெற்றது. புகையை இழுத்த சில வினாடிகளில் அது மூளையை எட்டி, அட்ரினலினைச் சுரப்பித்து, இதயத்தை விரைவுபடுத்தி, இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது. இதயத் துடிப்பின் மேலெல்லையோ உயர்வதில்லை. இளைப்பாறுங் காலத்தே இதயம் ஓடத் தொடங்கிவிடின், ஓடவேண்டிய காலத்திற்கு எஞ்சுவது குறைவன்றோ? கைம்முதலைச் செலவிட்டுவிட்டு அதனை வருவாயென்று மகிழ்ந்தவன் யான்.

1968இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பரும் துணைவரும் விமானப்படையினரைப் பன்னிரண்டு நிமிடம் ஓடச் செய்து ஆராய்ந்தனர். புகைப்போர் புகையாதாரினும் குறைந்த தொலைவே ஓடினர். அவர்களும் பயிற்சி பெற்ற இளைஞரே. "பயிற்சி செய்கின்றேன், ஆகவே புகை என்னை ஒன்றுஞ் செய்யாது" என்னும் எண்ணத்திற்கு இஃதொன்றே தக்க விடை.

இக்காலத்து இளைஞர் சிலர், புகையில்லாத நிகோட்டினில் தீங்கில்லை என்பர். உதட்டினடியில் அடக்கும் சிறு பைகள் அயல்நாட்டு விளையாட்டு வீரரிடையே பரவியுள்ளன. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2012இல் நிகோட்டினைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்ததேயன்றித் தடைசெய்யவில்லை. அப்பைகளில் கார்பன் மோனாக்சைடு இல்லை என்பது மெய்யே. சில சோதனைகளில் மனக்கூர்மை சிறிது மிகுந்ததென்பதும் மறுத்தற்கில்லை. ஆயினும் இதயத்தை வீணே விரட்டும் இயல்பும், மனிதனை அடிமைகொள்ளும் இயல்பும் அப்பையினுள்ளும் உள்ளன. காலையில் அஃதின்றி ஓடத் தொடங்க இயலாத ஒருவன், தன் ஊக்கத்தைத் தானே வாடகைக்கு வாங்குகின்றவன் ஆகான்?

யான் அப்பழக்கத்தை விட்டது என் இருபத்தொன்பதாம் வயதில், பலமுறை முயன்று தோற்றபின்னரே. அதன்பின் மீண்டும் ஓடினேன், ஓடுகின்றேன். ஆயினும் 1982ஆம் ஆண்டு மீண்டு வாராது. ஓர் ஓட்டக்காரன் இழக்கும் மூச்சு அவனுக்கு மட்டும் உரியதன்று; அவனுக்கு இடம் விட்டு எல்லைக்கோட்டருகில் நிற்பவனுக்கும் அதிற் பங்குண்டு.

அத்தோழர் இம்மலரை ஆண்டுதோறும் விடாது படிப்பவர். நண்பரே, அன்றிரவு யான் நன்றாகவே உறங்கினேன். அன்று ஓடியிருக்க வேண்டியவர் நீரே.