எங்கள் தந்தையின் ஹெரால்டு
எங்கள் தந்தை ஆறு நாளும் பட்டறையில் பிறர் வண்டிகளைப் பழுதுபார்த்தார். ஞாயிறு மாலைகளைத் தம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அளித்தார். 1961இல் சென்னையில் உருவாகத் தொடங்கி, 1971இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. மட்கார்டுகளோடு பானட் முழுவதும் முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். முன்சக்கரத்தின்மேல் அமர்ந்தே எஞ்சினைப் பார்க்கலாம். கிடைக்காத பாகங்களைத் தாமே கடைந்து பொருத்துவார். “திருகாணியை வலிந்து முறுக்காதீர்கள், மரை தேய்ந்துவிடும்” என்பார் எங்களிடம்.

தங்கையின் செவிலியர் படிப்புக்காக அவ்வண்டியை விற்றார். வாங்கியவரிடம் அதன் குணங்களை ஒருமணி நேரம் எடுத்துரைத்தார். வருத்தமா எனக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அவர் மறைந்தபின், கருவிப்பெட்டியில் ஹெரால்டுக்கெனக் கடைந்து, பொருத்தாமலே விட்ட பித்தளைப் புஷ் ஒன்றைக் கண்டோம். பெற்றோர் நமக்காக இழந்தவற்றை, அவர்கள் வாழும்போதே கேட்டறிவது நம் கடன்.