இருபது வினாடி

எங்கள் ஊர் சாத்தம் என்று சொன்னால், "அது எங்கே இருக்கிறது?" என்றுதான் விடுதியில் எல்லோரும் வினவுகின்றனர். 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர் நகரோடு ஒரு பாலத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு தீவு அது. 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலையும், பாம்பூ பிளாட்டுக்குச் செல்லும் படகுத்துறையும், உலகப்போரில் குண்டு விழுந்த பள்ளமுமே அதன் செல்வங்கள். எங்கள் வீடு பாலத்துக்குச் சற்று இப்பால்.

மோட்டார்ப் பந்தயத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். எங்கள் சாலையில் வேகமாகப் போக எண்ணினாலும் அடுத்த வளைவில் கடல் வந்துவிடும். ஆயினும், ஒரு பந்தயத்தின் பொருட்டு நான் என் நண்பன் ஒருவனை ஏழு ஆண்டுகள் இழந்திருந்தேன்.

2012 மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினோரு வயது. எதிர்வீட்டு வங்காளிப் பையனுக்கும் அதே வயது. அவன் வீட்டில் வங்காளி, என் வீட்டில் தமிழ், தெருவில் இருவருக்கும் இந்தி; அந்தமான் பிள்ளைகளின் வழக்கம் அது. அன்று மலேசியாவின் செப்பாங்கில் பார்முலா ஒன் பந்தயம். எங்கள் ஊரிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவோ, ஏறத்தாழ அவ்வளவு தொலைவே செப்பாங்கும். ஆகவே அது எங்களுக்கு அயல்நாட்டுப் பந்தயமாகவே தோன்றவில்லை. பகல் ஒன்றரை மணிக்கு, மீன் குழம்புச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டே பெரியப்பா வீட்டுத் தொலைக்காட்சிமுன் அமர்ந்தோம்.

என் வீரர் நாராயண் கார்த்திகேயன். எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடக் கோவையைக் கண்டதில்லை. ஆனால் அவர் கோவைக்காரர் என்ற ஒன்றே அவரை எங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டது. பார்முலா ஒன்னில் 2005-இல் கால் வைத்த முதல் இந்தியர் அவர். நண்பனின் வீரர் செபாஸ்டியன் வெட்டல். அப்போதே இரண்டு முறை உலக வாகை சூடியவர். வெல்பவர் பக்கம் நிற்பது எளிது என்று நான் அவனைச் சீண்டுவேன். "தோற்பவர் பக்கம் நிற்பதற்கு என்ன திறமை வேண்டும்?" என்பான் அவன்.

நாராயண் ஓட்டியது எச்.ஆர்.டி. என்னும் ஏழை அணியின் கார். எவ்வளவு ஏழை என்றால், அதற்கு முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரண்டு கார்களையும் பந்தயத்தில் சேர்க்கவே மறுத்துவிட்டனர். தகுதிச் சுற்றில் முதல்வன் ஒரு சுற்றை 100 வினாடியில் முடித்தால் கடைசியாள் 107 வினாடிக்குள்ளாவது முடிக்கவேண்டும் என்பது விதி. அதற்குள் அவர்களால் வர முடியவில்லை. செப்பாங்கிலோ மழை கொட்டியது. மழைக்கான சக்கரங்களோடு முதலிலேயே புறப்பட்ட நாராயண், மழை மிகுந்து பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாம் இடத்தில் இருந்தார்! பத்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி உண்டு. பந்தயம் நின்றிருந்த நேரம் முழுதும் அந்த மழை ஓயவே கூடாது என்று நான் எல்லாத் தெய்வங்களையும் வேண்டினேன். மழை ஓய்ந்தது.

மீண்டும் தொடங்கிய சிறிது நேரத்தில் ஜென்சன் பட்டனின் கார் நாராயண்மேல் மோதித் தன் முன் இறக்கையை உடைத்துக்கொண்டது. தன் பிழை என்று பட்டனே ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர். அடுத்து நடந்ததுதான் வினை. பந்தயம் முடியச் சுமார் பத்துச் சுற்றுகள் இருக்கும்போது, நான்காம் இடத்திலிருந்த வெட்டல் நாராயணை ஒரு சுற்று முந்த வந்தார். நாராயண் இடப்புறம் ஒதுங்கினார், வெட்டல் கடந்தார், கடந்து முடியுமுன் இருவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி எப்படியோ மறைந்தது. நாராயணின் முன் இறக்கை வெட்டலின் பின்சக்கரத்தைக் கிழித்தது. கையை நீட்டி ஆத்திரத்தோடு ஒரு சைகை காட்டிவிட்டுச் சென்ற வெட்டல் பதினோராம் இடத்தில் முடித்தார். அந்த இடத்துக்குப் புள்ளி இல்லை.

நடுவர்கள் நாராயணைக் குற்றவாளி என்றனர். பந்தயத்தின்போதே பிட் பாதை வழியே மெல்ல ஊர்ந்து கழிக்கவேண்டிய தண்டனை அது. கழிக்க நேரம் இல்லாதபோது, முடிவு நேரத்தில் 20 வினாடி கூட்டிவிடுவர். 21-ஆம் இடத்தில் வந்தவர் 22-ஆம் இடத்துக்குப் போனார். அதுவே கடைசி இடம். கடைசியாளை மேலும் ஓர் இடம் தள்ளுவதில் அவருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் எண்ணலாம். புள்ளியில் நட்டம் இல்லைதான். ஆனால் மறுநாள் உலகமெங்கும் அவருடைய பெயர் ஏட்டில் வந்தது. பத்தாம் இடத்தில் ஓடியதற்காக அன்று.

இதற்கிடையில் வெட்டல் ஒரு சொல்லை உதிர்த்துவிட்டார். தெருவில் ஓட்டுகிறவர்களைப் போலவே இங்கும் சில 'வெள்ளரிக்காய்கள்' ஓட்டுகின்றன என்பது அதன் கருத்து. ஜெர்மன் மொழியில் ஒன்றுக்கும் உதவாதவனை அப்படிச் சொல்வார்களாம். (எங்கள் ஊர் வெயிலில் வெள்ளரிக்காயைப் போல உதவுகிற பொருள் வேறில்லை, அது ஜெர்மானியருக்கு எப்படித் தெரியும்?) செய்தி தெருவுக்கு வந்ததும் என் நண்பன் என்னைப் பார்த்து, "ஏ கீரா!" என்றான். இந்தியில் வெள்ளரிக்காய் கீரா. பாலத்தின் நடுவே நாலுபேர் பார்க்க அவனை அடித்துவிட்டேன். மூக்கில் இரத்தம் வந்தது.

வழக்கு பெரியப்பாவிடம் சென்றது. அவர் ஆலையில் படாக் மரங்களை அளந்து ஓய்வுபெற்றவர். எதையும் அளந்தே பேசுவார். "நீலக் கொடி காட்டினால் வழி விடணுமா, வேண்டாமா?" என்று என்னைக் கேட்டார்.

"விட்டாரே, பெரியப்பா!"

"வழிவிட்டவன் மறைஞ்சா போக முடியும்?" என்று அவனை நோக்கிக் கேட்டார். "முந்துறவன் முழுசா முந்தினப்புறம்தானே திரும்பணும்?"

நாங்கள் இருவருமே வென்றுவிட்டதாகக் குதித்தோம். அவர் கையமர்த்தினார். "அந்த நடுவருங்க கணக்கு அவங்களோட. என் கணக்கு இது: மூக்கில் இரத்தம் வந்தது இவனுக்கு. தம்பி, நீ அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா."

நான் போகவில்லை. நாராயணுக்கு அநீதி இழைத்த உலகத்தில் நான் மட்டும் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது என் வாதம். அந்த ஆண்டு முடிவில் வெட்டல் 281 புள்ளியும் அலான்சோ 278 புள்ளியும் பெற, மூன்றே புள்ளியில் வெட்டல் வாகை சூடினார். செப்பாங்கில் வென்றவர் அலான்சோ. நான்காம் இடத்துக்குரிய 12 புள்ளி அன்று வெட்டல் கையிலிருந்து நழுவியது. மூன்று புள்ளிக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிப் பந்தயத்தைப் பார்த்திருப்பான் என் நண்பன். அதை நான் அப்போது நினைக்கவில்லை. எச்.ஆர்.டி. அணி அவ்வாண்டோடு மூடியது. நாராயணின் பார்முலா ஒன் வாழ்வும் அதோடு நின்றது. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. 2013-இல் அவன் தந்தைக்கு மாற்றல் வந்து, குடும்பம் கப்பலேறிக் கல்கத்தா சென்றது. துறைமுகத்துக்கு நான் மட்டும் போகவில்லை.

பிறகு 2019 ஜூன். விடுமுறைக்கு ஊரில் இருந்தேன். கனடாவின் பந்தயம் நம் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கியது. பெரியப்பா உறங்கிவிட்டார், நான் மட்டும் விழித்திருந்தேன். முன்னணியில் சென்ற வெட்டல் பாதை தவறிப் புல்லில் ஏறி, மீண்டும் பாதைக்கு வந்தபோது பின்னால் வந்த ஹாமில்டனைச் சுவரோரம் நெருக்கினார் என்று 5 வினாடி தண்டனை விதித்தனர். கோட்டை முதலில் கடந்தவர் வெட்டல், வென்றவர் ஹாமில்டன். பின்னர் வெட்டல், அங்கே வைத்திருந்த '1', '2' என்ற பலகைகளை மாற்றி வைத்தார்.

நான் எழுந்து நின்று, "அநியாயம்!" என்று கத்தியேவிட்டேன். கத்தியபின்தான் யாருக்காகக் கத்துகிறேன் என்பது உறைத்தது. புல்லில் வழுக்கும் காரை எந்தப் பக்கம் திருப்புவது என்று அந்த நொடியில் வெட்டலுக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும்? செப்பாங்கில் நாராயணுக்காக நான் சொன்ன அதே சொற்கள்!

அன்றிரவு செப்பாங் காட்சியைத் தரவிறக்கிப் பார்க்க முயன்றேன். சென்னையிலிருந்து கடலடிக் கம்பி 2020-இல்தான் வந்தது. அதற்குமுன் எங்கள் இணையம் எச்.ஆர்.டி. காரைவிட மெதுவானது. விடியுமுன் ஒருவாறு வந்து சேர்ந்தது. பலமுறை பார்த்தேன். வெட்டல் சற்று முன்பே திரும்பியது தெரிகிறது. நாராயண் சற்று முன்பே உள்ளே வரத் தொடங்கியதுபோலவும் தெரிகிறது. தண்டனை கடுமை என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அது பகற்கொள்ளை என்று இப்போது சொல்லமாட்டேன்.

நண்பனின் எண்ணை வேறொருவனிடம் வாங்கி வைத்திருந்தேன். "உன் வெட்டலுக்கு இழைத்தது அநீதி. உன் மூக்குக்கு நான் இழைத்ததும்தான்," என்று இந்தியில் எழுதி அனுப்பினேன். செய்தி போகாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் முதல் படகு ஊதியபோதுதான் போய்ச் சேர்ந்தது.

எட்டு மணிக்கு விடை வந்தது. "கீரா, பெரியப்பா எப்படி இருக்கிறார்?"

அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஏழு வருசம் லேட்டு. இதுக்கு எத்தனை வினாடி கூட்டலாம்?" என்றார்.