இன்னும் வேகும் ரப்பர்

எங்கள் வீட்டுப் பழைய குக்கர் கேஸ்கட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு சின்ன ரப்பர் பட்டறைக்குள் நுழைந்தேன். ஆவி கசிகிறது என்று மனைவி தூக்கிப்போட்டது. மில் ஓட்டும் அண்ணன் அதை வாங்கி வளைத்தார், நகத்தால் அழுத்தினார். "இது கெட்டுப்போகல சார், வெந்துக்கிட்டே இருந்திருக்கு." அது எனக்குப் புரிய அரை நாள் ஆயிற்று.

மில் என்பது எதிரெதிராகச் சுற்றும் இரண்டு இரும்பு உருளைகள். ஒன்றைவிட ஒன்று சற்று வேகம். அந்த வித்தியாசம்தான் ரப்பரை நசுக்கி இழுக்கிறது. நைட்ரைல் ரப்பர் முதலில் முரண்டு பிடித்தது. சூடேறியதும் முன் உருளையில் பட்டையாய்ச் சுற்றிக்கொண்டது. அண்ணன் கத்தியால் கீறுகிறார், மடிக்கிறார், திரும்ப ஊட்டுகிறார். இழுத்தால் மில் நிற்கும் கயிறு தலைக்கு மேல். கையை எங்கே வைக்கக் கூடாது என்பதுதான் அவர் கற்ற முதல் பாடமாம்.

100 பங்கு ரப்பருக்கு ஒன்றரைப் பங்கு கந்தகம். அதை முதலிலேயே தூவினார். "மத்த ரப்பருக்குக் கடைசியில போடுவோம். இது சல்ஃபரை லேசுல சேத்துக்காது, அதான்." பிறகு ஜிங்க் ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், கார்பன் கருப்பு. வினையை விரைவுபடுத்தும் ஆக்சிலரேட்டர் கடைசியில். அது விழுந்தபின் காம்பவுண்ட் மில்லில் அதிகம் சூடானால் அங்கேயே முடிச்சுகள் விழத் தொடங்கும். அப்புறம் அந்த பேட்ச் குப்பைக்குத்தான்.

முடிச்சு என்று நான் சொல்வது, ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளைக் கந்தகம் ஆங்காங்கே பிணைப்பதை. 1839-இல் சார்லஸ் குட்இயர் இயற்கை ரப்பரில் கண்டது இதைத்தான். குறைந்தால் ரப்பர் பிசுபிசுக்கும், அழுத்தினால் அமுங்கியே கிடக்கும். கூடினால் விறைத்து, எளிதில் கிழியும். கந்தகம் 30 பங்குக்கு மேல் போனால் எபொனைட் என்னும் கெட்டி ரப்பர். என் அப்பாவின் மைப்பேனா அந்த ரகம்.

இரண்டு ரப்பர்களைக் கலப்பதில்தான் உண்மையான தலைவலி. ஒரு வாடிக்கையாளருக்கு எண்ணெயும் தாங்க வேண்டும், வெயிலும் தாங்க வேண்டும். எண்ணெய்க்கு நைட்ரைல், வெயிலுக்கும் ஓசோனுக்கும் ஈபிடிஎம் என்ற இன்னொரு ரப்பர். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பார்க்க ஒரே கருப்பு. ஆனால் உள்ளே அவை தனித்தனித் திட்டுகள்தாம். கந்தகமும் ஆக்சிலரேட்டரும் நைட்ரைல் பக்கமே ஒதுங்கிவிடுகின்றன. அது வேகமாக வெந்துவிட, ஈபிடிஎம் அரைவேக்காட்டில் நின்றது. இழுத்ததும் அறுந்தது. "பருப்பையும் பீர்க்கங்காயையும் ஒண்ணா வேகவெச்ச கதை," என்றார் அண்ணன்.

கடைசியில் 70 பங்கு நைட்ரைலும் 30 பங்கு பிவிசியும் ஏற்கெனவே உருக்கிச் சேர்க்கப்பட்ட கலவையை வாங்கினார்கள். இவை இரண்டும் ஒத்துப்போகிறவை. ஓசோனுக்குப் பிளக்காது. குளிரில் கொஞ்சம் விறைக்கும். சென்னையில் அதைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்!

பிரஸ் பக்கம் வெப்பம் முகத்தில் அறைந்தது. 160 டிகிரி. எடைபோட்ட துண்டுகளை அச்சில் வைத்து மூடினால், சில நிமிடத்தில் வளையங்களாகத் திரும்புகின்றன. ஓரத்தில் பிதுங்கிய பிளாஷை இரண்டு அக்காமார் சின்னக் கத்தரியால் நறுக்குகிறார்கள், பேச்சும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை.

அங்கே நின்றபோதுதான் கேஸ்கட் விஷயம் விளங்கியது. குக்கருக்குள் ஆவி 120 டிகிரி வரை போகும். பிரஸ் அளவுக்கு இல்லைதான். ஆனால் தினமும், வருடக்கணக்கில். சூடும் காற்றும் சேர்ந்து மேலும் மேலும் முடிச்சிட, கேஸ்கட்டின் நைட்ரைல் இறுகிக்கொண்டே போகிறது. கந்தகத்தைக் குறைத்து ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் இழைகளைப் பிணைக்கும் கந்தகப் பாலங்கள் குட்டையாகும், சூட்டை நெடுநாள் தாங்கும். ஆனால் திரும்பத் திரும்ப வளைத்தால் சீக்கிரம் வெடிக்கும். எது வேண்டும் என்பதை வேலையைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றார் அண்ணன்.

மில்லடியில் சிந்திய வேகாத துண்டுகளைப் பொறுக்கி அடுத்த பேட்ச்சில் போட்டார். நறுக்கிய பிளாஷ் தனிச் சாக்கில் கிடந்தது. அதை எந்தச் சூடும் இனி உருக்காது. கிளம்பும்போது என் கேஸ்கட்டையும் அந்தச் சாக்கில் போட்டார்.