மறு அறிவித்தல் வரை

மாரி தொடங்கினால் எங்கட வட்ஸ்அப் குறூப்பில் ஒரு படம் வந்து விழும். இலங்கை வரைபடம், சுற்றிவரச் சிவப்புக் கடல். காற்று மணித்தியாலத்துக்கு 60–70 கிலோமீற்றர் வரை வீசலாம், மறு அறிவித்தல் வரை கடலுக்குப் போக வேண்டாம் என்று கீழே இருக்கும். நாங்கள் கேட்கிறது ஒரே கேள்விதான்: "அப்ப நாளைக்கு லெக்சர்ஸ் நடக்குமோ?"

போன மார்கழியில் நாங்கள் மூன்று பேர், எங்களோடு படிக்கும் ஒருத்தியின் வீட்டுக்குப் போனோம். பருத்தித்துறைப் பக்கம், கடலுக்குக் கிட்ட. போன அன்று பின்னேரமே அந்தப் படம் வந்தது. உடனே அவளின் அப்பாவுக்குக் காட்டினோம்.

"மத்தியானம் வாடை இறுகேக்கயே நினைச்சன் பிள்ளையள். கடல் இரையிற சத்தம் வேற."

காற்றின் வேகத்தை வகுக்கிற போஃபோர்ட் அளவுகோலைப் பற்றி நாங்கள் படித்திருக்கிறோம். அதில் 62 தொடக்கம் 74 கிலோமீற்றர் வரை 8ஆம் எண். ஆனால் 1805இல் போஃபோர்ட் அதை வகுத்தபோது அதில் வேகக் கணக்கே இருக்கவில்லை. எந்தக் காற்றுக்குக் கப்பல் எவ்வளவு பாய் விரிக்கலாம் என்பதுதான் இருந்தது. கடலில் நிண்ட ஆளின் கணக்கு அது. அப்பாவின் கணக்கும் அந்த வகைதான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அதோடு வாடை வங்காள விரிகுடா முழுக்கத் தடையில்லாமல் ஓடி வருவதால் அலையும் பெருத்துத்தான் வரும். அவரிடம் இருப்பது 18 அடி பைபர் போட். கரைக்கு வர, முருகைக்கற்பாருக்கு நடுவில் வெட்டின ஒடுங்கின வானுக்குள்ளால்தான் வர வேண்டும். அலை ஒருக்காத் தூக்கிப் பாரில் போட்டால் அவ்வளவுதான்.

இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் விடியப்புறம் தாழ்த்த வலை கடலுக்க கிடந்தது. அடுத்த நாள் இழுக்கிறதுக்காக விட்டது. அதுவும் கடனுக்கு வாங்கின வலை.

இரவு ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் இரண்டு தரம் எழும்பிக் கரைக்குப் போய்வந்தார். அவளின் அம்மா ஒன்றும் பேசாமல் எஞ்சின் எண்ணெய்க் கானைக் குசினிக்குள் எடுத்து வைத்தா. அம்மம்மாதான் 1964 மார்கழியைப் பற்றிச் சொன்னா. தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல் எங்கட வடக்கையும் அடித்தது. "அப்ப உதுகள் ஒண்டும் இல்லை" என்று எங்கட போனைக் காட்டினா.

அவர் போகவில்லை. நான்கு நாள் கழித்துக் கடல் இறங்கினபோது வலையில் பாதிதான் கிடைத்தது. அதுவும் கல்லில் சுற்றிக் கிழிந்துபோய்.

எச்சரிக்கை பிழை என்று சொல்ல வரவில்லை. அது வந்தபடியால்தான் அவர் இண்டைக்கும் இருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தப் படத்தில் மூன்று விசயங்கள் இல்லை. போகாமல் நிண்ட நாலு நாளைக்கு வீட்டில் என்ன சமைப்பது? கிழிந்த வலையின் தவணையை ஆர் கட்டுவது? அரை நாள் முந்தி வந்திருந்தால் வலை கரைக்கு வந்திருக்குமா? "கேட்டு நடவுங்கோ" என்று கரையில் நிண்டு சொல்லுவது எங்களுக்குச் சுகம். கேட்டு நடந்ததுக்கான செலவு முழுக்க ஒரு வீட்டில்தான் விழுகுது. புயலில் செத்தவரைப் பற்றிச் செய்தி வரும். எச்சரிக்கையைக் கேட்டுக் கடன்பட்டவரைப் பற்றி வராது.

இந்த முறையும் மாரி தொடங்கிவிட்டது. நேற்றுக் குறூப்பில் முதல் படம் வந்தது. லெக்சர்ஸ் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. கீழே முதலில் விழுந்த கேள்வி இதுதான்:

"அப்பா வலையை எடுத்திட்டாரோ?"